அம்மா கால்களை உள்ளே இழுத்துக்கொண்ட காரணம்

சாமி,

கல்யாணம் முடிந்து நீயும் நித்யாவும் பெங்களூருக்குப் போன பிறகு நீ அவ்வப்போது எனக்குப் போன் செய்கிறாய். மழை பெய்ததா, காவிரியில் தண்ணீர் விட்டார்களா, வெற்றிலைக் கொடிக்காலுக்கு ஆள் கிடைக்கிறதா என்றெல்லாம் கேட்கிறாய். கேட்டு முடித்ததும் "சரிங்கப்பா, வெச்சரட்டுங்களா" என்கிறாய். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. போனை வைத்த பிறகு அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தன்னைக் கேட்டாயா என்று கேட்க மாட்டாள். "சாப்டானாமா" என்று மட்டும் கேட்பாள். சாப்பிட்டானாம் என்று நானும் சொல்லி வைப்பேன்.

மண்டபத்து வாசலில் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அம்மாவுக்கு அவளப் புடிக்கலீனா முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்கப்பா. அத்தன பேருக்கு முன்னால இப்புடிப் பண்ணியிருக்க வேண்டாம்." நித்யாவின் அப்பாவும் அம்மாவும் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதை இன்றைக்கு மீறுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நித்யாவும் படிக்கட்டும். அவள் வீட்டாரிடமும், அன்றைக்கு மண்டபத்தில் இருந்து பார்த்துவிட்டு இன்னும் பேசிக்கொண்டிருக்கிற நம் சொந்தக்காரர்களிடமும் காட்டு. மறைத்து மறைத்துத்தான் இவ்வளவும் நடந்தது. இனி மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம் தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள், போட்டுக்கொண்டாள். டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். பொங்கலுக்கு உனக்குச் செய்யும் வெல்லக் கச்சாயத்தை வாயில் வைத்துக்கூடப் பார்க்காமல் செய்தாள். நோய் என்றால் இவ்வளவுதான், நாக்கைக் கட்டினால் போதும் என்று இருந்துவிட்டோம். காலைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. ஒரு நாள் அவள் காவிரிக்கரை வேலூர்ச் சந்தைக்குப் போய்விட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி, வீடு வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தாள், நினைவிருக்கிறதா? வாசலில் கழற்றும்போதுதான் இன்னொரு செருப்பு இல்லை என்பதே அவளுக்குத் தெரிந்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "இன்னொண்ண யாருக்குக் குடுத்துட்டு வந்த" என்று நான் கேட்டேன். அவளும் சேர்ந்து சிரித்தாள். செருப்பு கழன்றதுகூடத் தெரியாத அளவுக்கு அந்தக் கால் மரத்துப்போயிருக்கிறது என்பது நம் மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. காலில் வலி என்று அவள் சொன்னதே இல்லை. அதனால் கால் நன்றாக இருக்கிறது என்று நினைத்தோம்.

அவள் காலில் அகத்திக் கட்டை ஏறியது உனக்கு அரைகுறையாகத் தெரியும். முழுவதும் தெரியாது. கொடிக்காலுக்குள் நாம் செருப்புப் போட்டு நுழைவதில்லை. வெற்றிலை மகாலட்சுமி என்று என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். கொடி ஏறுவதற்காக வளர்த்த அகத்தி ஒன்றை வெட்டிய இடத்தில் கூராக ஒரு கட்டை நின்றிருக்கிறது. அது அவள் உள்ளங்காலில் ஏறியதை அறியாமல் பொழுது சாயும் வரை வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது தண்ணீர் சிவப்பாக ஓடியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். மஞ்சளைக் குழைத்துப் பூசி ஒரு துணியைக் கட்டினாள். நான் என் பங்குக்கு, அண்டாவில் சுடுதண்ணீர் வைத்து, உப்பைப் போட்டு அதில் காலை வைக்கச் சொன்னேன். தண்ணீரில் என் கையை விட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. "சூடு பத்துதா" என்று அவளைக் கேட்டேன். "பத்தலீங்க, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள். ஊற்றினேன்.

மறுநாள் கால் வீங்கிவிட்டது. விரல்கள் பருத்து மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்று, "ஏனுங்க, மெட்டி இறுக்குது, கழட்டி வெச்சரட்டுமா" என்று கேட்டாள். "நான் உசுரோட இருக்கறப்ப அத எதுக்குக் கழட்டற. வீக்கம் வடிஞ்சா தானாச் சரியாப் போயிரும்" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன், அவ்வளவுதான். அவள் பிறகு கேட்கவில்லை. விரல் கறுத்து, சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அங்கே அந்த மெட்டியை வெட்டித்தான் எடுத்தார்கள். அந்த விரலையும் பக்கத்து விரலையும் காப்பாற்ற முடியவில்லை. நீ அலறியடித்துக்கொண்டு ஓடி வந்து, எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று டாக்டரைக் கேட்டாய். சர்க்கரை என்றார். அதுவும் உண்மைதான். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் விரல் பிழைத்திருக்குமா என்று நான் பிறகு தனியாகப் போய்க் கேட்டேன். அவர் என் வயதைப் பார்த்தாரோ என்னவோ, "இனி ஆக வேண்டியதப் பாருங்க ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆக வேண்டியது என்றால் கட்டு மாற்றுவது. தினமும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, பழைய துணி ஒட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்காமல் சலைன் தண்ணீர் விட்டு நனைத்து எடுப்பது, புண்ணின் அடி சிவப்பாக இருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பது. முதல் நாள் நான் மணை போட்டு உட்கார்ந்து அவள் காலைத் தொட்டபோது அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நீங்க எங் காலத் தொடக் கூடாதுங்க, பாவமுங்க" என்று அழுதாள். மெட்டி போட்ட நாளில் ஒரு முறை தொட்டது. அதற்கப்புறம் நான் அந்தக் காலைத் தொட்டதில்லை, உற்றுப் பார்த்ததுகூட இல்லை. விடியலுக்கு முன்னால் எழுந்து எனக்காக நடந்துகொண்டே இருந்த கால். குதிகாலில் வெடிப்பும், விரலிடுக்கில் சேற்றுப்புண் தழும்பும், பெருவிரல் நகத்தில் பாறாங்கல் விழுந்த கறுப்பும் இருந்தன. எந்தக் கல், எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். நீ அவள் வயிற்றில் இருந்தபோது கிணற்று மேட்டில் விழுந்ததாம். "அப்ப நீங்க கரூர் மண்டிக்குப் போயிருந்தீங்க" என்றாள்.

புண்ணின் நாற்றம் அவளை ஒடுக்கிவிட்டது. சமையலறைக்குள் போகக் கூசினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால் தள்ளி உட்கார்ந்துகொள்வாள். பழைய சேலையைக் கிழித்து இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி வைத்துக்கொண்டு, "இப்ப வாட வருதுங்களா" என்று என்னைக் கேட்பாள். இல்லை என்பேன். அவள் நம்பியதில்லை. ஆனாலும் புண் ஆறியது. மாதங்கள் ஆயின, ஆறியது. ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கிய மெத்தென்ற கறுப்புச் செருப்பை வீட்டுக்குள்ளும் போட்டு நடந்தாள். சாமி அறைக்குள் போவதை நிறுத்திவிட்டு, நிலைப்படியில் நின்றே கும்பிட்டாள். ஒரு நாள்கூட வெறுங்காலை மண்ணில் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவள் என்னைவிட ஒழுங்காகக் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் நீ நித்யாவைப் பற்றிச் சொன்னாய். இளம்பிள்ளையில் தறி போட்டிருக்கிற குடும்பம், நம் ஆட்கள் இல்லை என்றதும் அம்மா இரண்டு வேளை சாப்பிடவில்லை. அதை நான் மறுக்க மாட்டேன். உன்னிடம் பேசாமலும் இருந்தாள். உனக்கு அது மனதில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. நித்யா முதல் முறை நம் வீட்டுக்கு வந்தாள் அல்லவா? பயந்துகொண்டே வந்த பெண், இலையில் உட்கார்ந்ததும் பயத்தை மறந்துவிட்டு, ரசத்துக்கு இன்னொரு கரண்டிச் சோறு கேட்டாள். நீங்கள் கிளம்பிப் போனதும் அம்மா பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "பசிச்சு, ருசிச்சுச் சாப்புடற புள்ளைங்க. கேட்டு வாங்கிச் சாப்புடுது. நம்மூட்டுல அது நல்லா இருந்துக்கும்." அதோடு அவள் மனம் திரும்பியது. உன்னிடம் அவள் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பையனிடம் போய்த் தோற்றேன் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம்.

வைகாசியில் முகூர்த்தம் குறித்தோம். சித்திரை வெயிலில் பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். பங்காளி வீடுகளுக்கு இருவரும் நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் வருவார்கள். அதுவும் பெண் வேறு சனம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த வீடுகள். முதல் வீட்டு வாசலிலேயே அவள் செருப்பைக் கழற்றினாள். போட்டுக்கொண்டே வா என்றேன். "கல்யாணத்துக்கு அழைக்கப் போறமுங்க. செருப்போட நின்னா, அழைக்க வந்தாங்களா சண்டைக்கு வந்தாங்களாம்பாங்க" என்றாள். மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு வீட்டில் சிமென்ட்டுக் காரை போட்ட பெரிய வாசல். வெயிலில் தகதகவென்று கிடந்தது. வீட்டுக்காரப் பெரியவர் நிழலில் உட்கார்ந்துகொண்டு, வாசலிலேயே எங்களை நிற்க வைத்து, "ஏனாத்தா, இதுல உனக்குச் சம்மதந்தானா" என்று கேட்டார். அம்மா நின்ற இடத்திலேயே நின்று பதில் சொன்னாள். "என்ற பையனுக்குப் புடிச்ச புள்ள, எனக்கும் புடிச்ச புள்ளதானுங்க. நீங்க முன்னால வந்து நின்னு நடத்திக் குடுக்கோணும்." அவர் யோசித்து, சரி வருகிறேன் என்று சொல்லும் வரை அந்தக் காரையில் வெறுங்காலோடு நின்றாள். எனக்குக் கால் பொத்துவிடும்போல் இருந்தது, மாற்றி மாற்றி வைத்தேன். அவள் அசையாமல் நின்றாள். அவள் காலுக்குச் சூடு தெரியாது என்பதை அந்த நேரத்தில் நான் மறந்தே போனேன், சாமி.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். உடைந்து தோல் உரிந்து, கல்யாணத்துக்கு முந்தைய வாரத்தில் பழைய தழும்புக்குப் பக்கத்தில் குழி விழுந்துவிட்டது. டாக்டர் உடனே ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார். காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் நான், "கல்யாணத்தத் தள்ளி வெச்சரலாம்" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"தள்ளி வெச்சா என்ன பேசுவாங்கன்னு தெரியாதுங்களா? மாமியாக்காரிக்கு மனசு வல்ல, காலச் சாக்கு வெச்சு நிறுத்திப்போட்டாம்பாங்க. அந்தப் புள்ள காதுல அது விழுகோணுமா?"

"அவங்கிட்டயாவது சொல்லோணுமல்லோ."

"சொன்னா அவனே நிறுத்திப்போடுவான். எந் தலையில அடிச்சுச் சொல்லுங்க, சொல்ல மாட்டேன்னு. தாலி ஏறட்டும். அடுத்த நாள் நானே வந்து படுத்துக்கறேன்."

நான் சத்தியம் செய்தேன். மாத்திரை வாங்கிக்கொண்டு கூட்டி வந்துவிட்டேன். மெட்டி விஷயத்தில் அவளுக்கு முடியாது என்று சொன்னவன் நான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவள் பிடிவாதமாகக் கேட்டபோது மறுபடி முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

மணமேடைக்குச் செருப்போடு ஏற முடியாது. கட்டுப் போட்ட காலோடு ஏறினால் எல்லோரும் கேட்பார்கள். அதனால் அவள் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, நித்யாவின் அப்பா தன் தறியில் நெய்து கொடுத்த அந்தப் பட்டுச் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். அம்மா நிற்க வேண்டிய இடத்தில் உன் பெரியம்மாவை நிறுத்தினோம். நீ மேடையிலிருந்து கை காட்டிக் கூப்பிட்டாய். அவள் சிரித்துக்கொண்டு, நீ பார் நீ பார் என்று சைகை செய்தாள். அதற்குள் காய்ச்சல் ஏறியிருந்தது. தாலி கட்டி முடித்து நீங்கள் இருவரும் இறங்கி வந்து அவள் காலில் விழுந்தீர்கள். உன் மனைவி இரண்டு கையையும் நீட்டிக் காலைத் தொட வந்தாள். அந்த நேரத்தில் கட்டு நனைந்து, புண்ணிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. அம்மா வெடுக்கென்று இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். "போதும் போதும், எந்திரி" என்றாள். பயத்தில் அவள் குரல் கத்தியதுபோல் வந்தது. நித்யாவின் கை வெறும் தரையில் கிடந்ததை நானும் பார்த்தேன். அவள் அம்மா பார்த்தார். நீ பார்த்தாய். சுற்றி இருந்தவர்களும் பார்த்தார்கள்.

பிறகு அறைக்குள் கூட்டிப்போய்க் கட்டைப் பிரித்தேன். பட்டுச் சேலையின் கரை வரை நனைந்திருந்தது. "அந்தப் புள்ள கையில பட்டிருக்குமுங்க. தாலி கட்டிக்கிட்டு வந்த கையில, மொத மொதல்ல சீழா படோணும்" என்று மட்டும் சொன்னாள். அதற்குள் வெளியே நீங்கள் காரில் ஏறிவிட்டீர்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். நான் வாசலுக்கு ஓடி வந்தேன். நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே திரும்பிப் போனதும், "என்ன சொன்னான்" என்றாள். "லேட்டாகுது, போய்ட்டு வாரேன்னான்" என்றேன். மாமியார்தான் கல்யாணத்தை நிறுத்தினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவள் அந்தக் காலோடு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அதைவிடக் கெட்ட பெயரோடு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாளே சேர்த்தோம். விஷம் பாதத்துக்குள் பரவியிருந்தது. வலது பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள், சாமி. குதிகால் இருக்கிறது. கோலை ஊன்றி நடக்கலாம் என்கிறார்கள். உனக்குச் சொல்ல நான் போனை எடுத்தபோதெல்லாம், "இப்பச் சொன்னா, அன்னைக்கு இழுத்துக்கிட்டதுக்குச் சமாதானம் சொல்றாப்புல இருக்குமுங்க. வேண்டாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே படுத்திருந்தபோது ஒரு நாள் நித்யா அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டாள். அது உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. "அத்தை, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணீட்டேனுங்களா? சொன்னீங்கன்னா திருத்திக்கறேனுங்க" என்றாள். எனக்கே கேட்டது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வலியில் முனகினார். "என்னங்கத்தை சத்தம்" என்று அந்தப் பெண் கேட்டாள். "கோயிலுக்கு வந்திருக்கறம் கண்ணு, கூட்டமா இருக்குது. நீ ஒண்ணும் பண்ணல. நல்லாச் சாப்புடு" என்று அம்மா சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்றிலிருந்து என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

உனக்கு நான் அறிவுரை சொல்லத் தகுதியுள்ளவன் இல்லை. இருந்தாலும் கேட்டுக்கொள். இந்த நோய் உன் ரத்தத்திலும் இருக்கலாம். முப்பது வயதுதானே என்று இருந்துவிடாதே, போய்ச் சோதித்துக்கொள். நித்யா எப்போதாவது உன் பக்கத்தில் வந்து நின்று, இது இறுக்குது, கழட்டட்டுமா என்று கேட்டால், அது எதுவாக இருந்தாலும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார். வலிக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதே. குனிந்து பார். கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். உன் அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் சொன்னாள். நான் அதையே பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அவள் இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். உங்களைக் கூப்பிடட்டுமா என்று நேற்று அவளிடம் கேட்டேன். "கட்டுப் பிரிச்ச பொறவு வரச் சொல்லுங்க. காலு நல்லா இருக்கறப்ப அந்தப் புள்ள வரட்டும்" என்றாள். டாக்டரிடம் விசாரித்தேன். மாதக்கணக்கில் ஆகும் என்கிறார். ஆறினாலும் மறுபடி வரலாம், அந்தக் காலிலும் வரலாம், இந்தக் காலிலும் வரலாம் என்கிறார். கால் நன்றாக இருக்கப்போகிற நாளுக்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி வாருங்கள். அவளிடம் நான் சொல்லப்போவதில்லை. வெயில் ஏறுவதற்கு முன்னால் நான் கட்டு மாற்றுவேன், அந்த நேரத்துக்கு வந்து சேருங்கள். கதவைத் தாழ் போடாமல் வைத்திருக்கிறேன். அம்மாவின் கால் என் மடியில் இருக்கும்.

அப்பா